சமத் பாய் எழுந்து போனால் விழும் பூட்டு

ஜெபராஜ் கம்ப்யூட்டர் மேல் ஆசைப்பட்டு அந்த வேலைக்கு வந்தவர் இல்லை. 1987இல், மேல்விஷாரத்தைத் தாண்டி மெயின் ரோட்டில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் டெலெக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தார். டெலெக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது; அதையும் பார்த்துக்கொண்டார். தொண்ணூற்றாறில் முதல் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியபோது, ஒயர் சம்பந்தப்பட்ட சாமான் என்பதால் மானேஜர் அவரைக் கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னார். பிரித்த பாவத்துக்கு அது அவர் தலையிலேயே விழுந்தது. ஒன்பது வருஷத்தில் கம்ப்யூட்டர்கள் அறுபத்திரண்டாகப் பெருகின. அவற்றைப் பார்க்க ஆள் மட்டும் ஜெபராஜ் ஒருவர்தான்.

2005இல் அவருக்கு நாற்பத்தாறு வயது. காலையில் ராணிப்பேட்டையிலிருந்து வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் நாலு பேர் வந்து நின்று "சிஸ்டம் வர்ல" என்பார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சிஸ்டம் வரவில்லை, மவுஸுக்குள் தோல் தூசி அடைத்துக்கொண்டாலும் சிஸ்டம் வரவில்லை, கரண்டு போனாலும் சிஸ்டம் வரவில்லைதான். ஆரம்பத்தில் அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. கொஞ்ச வருஷம் சிரிப்பு வந்தது. இப்போது இரண்டும் வருவதில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அந்தக் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. ஞாயிற்றுக்கிழமை முழு வேலை நாள். அந்தப் பக்கத்தில் பல கம்பெனிகள் அப்படித்தான், அதில் யாருக்கும் குறையில்லை. ஆபீஸில் இருந்த ஏழெட்டுக் கிறிஸ்தவர்கள் விடியற்காலை ஆராதனையை முடித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள். ஜெபராஜுக்கு அது சரிப்படவில்லை. அவர் சர்ச் பாடகர் குழுவில் இருந்தார், குழு பாடுவது எட்டரை மணி ஆராதனையில். மனைவி பிரிசில்லாவும் அதே குழு. ஜெபராஜுக்கு அவ்வளவு பக்தியா என்று கேட்டால், அப்படிச் சொல்வதற்கில்லை. வாரம் முழுக்கத் தேடினாலும், யாரும் பின்னால் வந்து நின்று கூப்பிடாத இரண்டு மணி நேரம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தவர் அப்துல் சமத். டெஸ்பாட்ச் பிரிவுக்குப் பொறுப்பாளர், ஐம்பத்தாறு வயது, மேல்விஷாரத்துக்காரர், பெரிய முதலாளி காலத்து ஆள். ஆபீஸ்காரர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு அவர் மேஜையில் இருக்கும். 2002இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து அரக்கப்பரக்க ஓடி வந்து நின்ற ஜெபராஜைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இப்டி ரோட்ல பறந்துகினு வர்றே? நிதானமா பாடிட்டு வா. நோட்டு எங்கிட்டதானே இருக்குது," என்றார். அதிலிருந்து ஞாயிறு பதினோரு மணிக்கு வந்து எட்டரை என்று போட்டுக் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. யாராவது தேடி வந்தால், ஜெபராஜ் சர்வர் ரூமில் இருப்பதாகப் பாய் சொல்லி அனுப்பிவிடுவார். மூன்று வருஷம் இப்படி ஓடியது. பாய் இதை ஒரு உபகாரமாகச் சொல்லிக் காட்டியதே இல்லை.

அந்த ஏப்ரலில் வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் ஆடிட் செய்ய ஆட்கள் வந்தார்கள். தோல் எங்கிருந்து வந்தது, கழிவு நீர் எங்கே போகிறது என்று பார்த்தவர்கள், போகிற போக்கில் கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. ஒருவர் பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மூன்று முறை தப்பாக அடித்தால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷம் கைபடாமல் இருந்தால் திரை மூடிக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜெபராஜ் எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டார்.

முதல் மாசம் ஆபீஸ் முழுக்கப் பூட்டுதான். பழைய பாஸ்வேர்டை அடிப்பவர்கள், புதியதை மறந்தவர்கள், பிள்ளை பேரை வைத்துவிட்டு எந்தப் பிள்ளை என்று யோசிப்பவர்கள். ஜெபராஜ் ஒரு நாளைக்கு இருபது பூட்டுத் திறந்தார். ஜூன் வரும்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. சமத் பாய்க்கு மட்டும் பழகவில்லை.

அவருக்குத் தினமும் பூட்டு விழுந்தது. அதுவும் ஒரு கணக்காக விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும்வரை ஒன்றும் இல்லை. லோடு ஏறுவதைப் பார்க்கக் கீழே போய் அரை மணி கழித்து வந்தால் பூட்டியிருக்கும். மதியம் தொழுதுவிட்டு வந்தால் பூட்டியிருக்கும். தொழப் போகிற இடத்தில் பாய் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருகிறார் என்று அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் ஒரு கிண்டல் கிளம்பியது. அவர் காதிலும் அது விழுந்தது.

ஜெபராஜ் தன்னால் ஆனதைச் செய்தார். கீபோர்டை மாற்றினார். அடுத்து கம்ப்யூட்டரையே மாற்றினார். வைரஸ் இருக்கிறதா என்று ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டுக் காலையில் பார்த்தார். ஒரு நாள் காலை முழுக்கப் பாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் தப்பு இல்லை, ஒரு தடவைகூடப் பூட்டவில்லை. ஜெபராஜ் எழுந்து போனார், பாய் கீழே போய் வந்தார், பூட்டியிருந்தது. பொறுமை போன ஜெபராஜ் அன்று ஒரு வார்த்தை சொன்னார்: "பாய், நிதானமா அடிங்க பாய். நான் இருந்தா ஒழுங்கா அடிக்கிறீங்க, போனா பேஜார் பண்றீங்க."

அதன் பிறகு பாய் மாறிவிட்டார். பாஸ்வேர்டை அடிப்பதற்கு முன் கண்ணை மூடி உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பார். பேக்கிங் லிஸ்ட்டைக் கூட்டி முடித்தவர் திரும்ப முதலிலிருந்து கூட்டுவார். கன்டெய்னருக்கு சீல் வைத்தாகிவிட்டதா என்று டிரைவரிடம் மூன்று முறை கேட்பார். முப்பது வருஷமாக அந்த வேலையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தவர். ஜெபராஜ் இதையெல்லாம் பார்த்தார், பார்த்து மனுஷனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் வினை வந்தது. பாய் மதியத் தொழுகை முடித்து வந்தபோது பூட்டியிருந்தது. ஜெபராஜ் தோல் பதனிடும் டேனரி பக்கம் கேபிள் இழுக்கப் போயிருந்தார். தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்கு ஒன்றரை மணி ஆயிற்று. பேப்பர்கள் தாமதமாகி, அன்றைய கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலைத் தவறவிட்டது. சின்ன முதலாளி நிசார் அஹமது ஜெபராஜை அறைக்குக் கூப்பிட்டார். முப்பத்திரண்டு வயது, கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சிஸ்டத்தில் கோளாறா, ஆளிடம் கோளாறா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

"சிஸ்டத்துல எல்லாம் பாத்துட்டேன் சார். ஒண்ணும் இல்ல," என்றார் ஜெபராஜ்.

அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. டெஸ்பாட்ச் பொறுப்பை இளைய ஆள் ஒருவருக்குக் கொடுப்பது, சமத் பாயை கேட் பக்கம் உட்கார வைத்து லாரி நம்பர் குறிக்கச் சொல்வது என்று முடிவாயிற்று. சனிக்கிழமை நாலு மணிக்கு அவரைக் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. ஜெபராஜும் இருக்க வேண்டும், சிஸ்டம் சரியாக இருக்கிறது என்று சொல்வதற்கு. வீட்டுக்கு வந்த ஜெபராஜ் சாப்பிடாமல் படுத்தார். உண்மையைத்தானே சொன்னோம் என்று பிரிசில்லாவிடம் இரண்டு தடவை சொன்னார். அவர் கேட்கவே இல்லை, இவராகத்தான் சொன்னார்.

மனசு கேட்காமல் சனிக்கிழமை காலை, முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தார். எந்த மெஷினிலிருந்து யார் தப்பாக அடித்தார்கள் என்று சர்வர் ஒரு பதிவு எழுதி வைக்கும். அதற்கு ஒதுக்கிய இடம் கம்மி. கண்டதையும் எழுதி ஒரு மணி நேரத்தில் நிரம்பி, பழையதை அழித்துவிடும். பூட்டு விழுந்ததென்று தகவல் வந்து இவர் போய்ப் பார்க்கும்போது, ஒவ்வொரு முறையும் அது அழிந்து போயிருந்தது. தப்பு அடிப்பது பாய்தான் என்று தீர்மானமாகிவிட்ட பிறகு, அதைத் தோண்டிப் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அன்று இடத்தைப் பத்து மடங்காக்கிவிட்டுக் காத்திருந்தார். மதியம் பாய் தொழப் போனார். ஜெபராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, பிசகாமல், அப்துல் சமத் பெயரில் ஒரு தப்பான பாஸ்வேர்டு வந்தது. பாய் மசூதியில் இருக்கிறார். மூன்றாவதோடு அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. வந்த மெஷினின் பெயர் டெலெக்ஸ் என்று இருந்தது.

அந்தப் பெயரை வைத்தது ஜெபராஜேதான். மாடியில் பழைய டெலெக்ஸ் ரூமில் இருந்த கம்ப்யூட்டர் அது. சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே போனார். ரூமில் கிழிந்த நாற்காலிகளும் சாம்பிள் ஷூ மூட்டைகளும் கூரைவரை அடைத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், யாரும் அணைக்காததால், மூன்று வருஷமாக அது ஓடிக்கொண்டிருந்தது.

பார்த்த உடனே அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. 2002இல், ஞாயிறு காலை டெஸ்பாட்ச் ஃபைல்களை இந்த மெஷினுக்கு நகல் எடுத்து வைப்பது ஜெபராஜின் வேலை. சர்ச்சில் இருப்பவர் எப்படி எடுப்பது? சமத் பாய் படியேறி வந்து எடுத்துக் கொடுத்தார். நாலு வாரத்தில் முழங்கால் வலி என்றார். அந்த வேலை தானாக நடக்கும்படி ஜெபராஜ் ஒரு ஏற்பாடு செய்தார். பாய் பெயரிலேயே, பாயிடம் கேட்டு வாங்கிய பாஸ்வேர்டை உள்ளே போட்டு, ஆபீஸ் நேரம் முழுக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை. ஞாயிறு மட்டும் என்று குறிக்க வேண்டிய இடத்தில் சோம்பல்பட்டு எல்லா நாளும் என்று விட்டுவிட்டார். பிறகு நகல் எடுக்க வேறு வசதி வந்தது, ரூமைப் பூட்டினார்கள், அதை மறந்தே போனார். ஏப்ரலில் பாய் பாஸ்வேர்டை மாற்றியதிலிருந்து இந்த மெஷின் பழையதைச் சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பாய் நாற்காலியில் இருந்தால், மூடி மூடிக்கொள்ளும் திரையைத் திறக்க அவர் சரியாக அடிக்கும் ஒவ்வொரு முறையும் தப்புக் கணக்கு அழிந்துவிடும். அரை மணி எழுந்து போனால் மூன்று சேர்ந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

ஏற்பாட்டை அழித்தார், மெஷினை அணைத்தார், மூட்டை மேல் உட்கார்ந்தார். மணி ஒன்றே முக்கால்.

அழித்தாகிவிட்டது, இனிமேல் பூட்டாது. கண்டுபிடித்ததை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. வைரஸ் என்று சொன்னால் சின்ன முதலாளி நம்புவார்; வைரஸ் என்றால் அந்தக் காலத்தில் எல்லோரும் எதையும் நம்பினார்கள். ஆனால் சிஸ்டத்தில் ஒன்றும் இல்லை என்று இவரே சொல்லியாகிவிட்டதே. இப்போது ஒரு வைரஸ் எங்கிருந்து முளைத்தது என்பார். அந்த மெஷினில் பாய் பெயர் எப்படி வந்தது என்பார். ஞாயிற்றுக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்பார். நோட்டில் எட்டரை என்று நூற்றைம்பது கையெழுத்து இருக்கிறது. இந்த வயதில் வேறு எங்கே போய் டெலெக்ஸ் தெரியும் என்று வேலை கேட்பது? ஜெபராஜுக்கு வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேல் அலுப்பாக இருந்தது. இரண்டு மணிக்குக் கீழே இறங்கி வந்தார். சமத் பாய் தன் மேஜையில் குனிந்து வெள்ளைத் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஜெபராஜ் பார்த்தும் பார்க்காதது போலக் கடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். நாலு மணி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு சின்ன முதலாளி பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் பாய் அந்தத் தாளை மேஜை மேல் வைத்தார்.

"நீங்க சொல்லத் தேவயில்ல சார். எனக்கே தெரியுது, ஞாபகம் கம்மியாய்ட்டே வருது. எங்க அண்ணனுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது. இப்ப பெத்த பிள்ளைங்களையே யாருன்னு கேக்குறாரு. கன்டெய்னர் போனது போவட்டும், நாளைக்கு இன்னும் பெரிசா ஏதாச்சும் பண்ணிடுவேன். கேட் வேலகூட வாணாம். நானே நின்னுக்கிறேன்."

ராஜினாமாக் கடிதம். அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை. ஜெபராஜ் அதைப் பார்த்தார். தாள் மேல் போட்டிருந்த அன்றைய தேதியைப் பார்த்தார். இரண்டு மணிக்குப் பாய் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். டெலெக்ஸ் ரூம், பத்து நிமிஷம், பாய் பாஸ்வேர்டு, ஞாயிற்றுக்கிழமை, கையெழுத்து நோட்டு. எதையும் சுற்றி வளைக்கவில்லை. சொல்லி முடித்ததும் நிசார் அஹமது கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். மூன்று வருஷமா என்று கேட்டார். மூன்று வருஷம் என்றார் ஜெபராஜ். நாளையிலிருந்து ஞாயிறு எட்டரைக்கு நீங்கள் இருக்கையில் இருக்க வேண்டும், இந்த வருஷம் இன்கிரிமென்ட் கிடையாது, நோட்டு இனிமேல் செக்யூரிட்டியிடம் இருக்கும் என்றார். கடிதத்தை எடுத்துச் சமத் பாய் கையிலேயே கொடுத்தார். போங்கள் என்றார். வேலை போகவில்லை. ஆனாலும் மறுநாள் காலை எட்டரை மணிக்கு சர்ச்சில் பாட்டு ஆரம்பிக்கும்போது தான் இங்கே உட்கார்ந்திருப்போம் என்பது ஜெபராஜுக்கு நன்றாக உறைத்தது.

வெளியே வந்ததும் சமத் பாய் அவரை நிறுத்திக் கேட்டார். "அப்ப அது நான் இல்லியா ஜெபராஜ்?"

"நீங்க இல்ல பாய்."

"ஒரு வாட்டிகூட நான் தப்பா அடிக்கலியா?"

"ஒரு வாட்டிகூட அடிக்கல பாய்."

அவர் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை வேலூரில் மூளை டாக்டரைப் பார்க்க எழுதி வாங்கிய சீட்டு. ஆபீஸில் யாருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும் என்றார். ஜெபராஜ் தன் மேஜைக்குக் கூட்டிப் போய் போனைத் தள்ளி வைத்தார்.

மறுமுனையில் அவர் மனைவி நசீமுன்னிசா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லியாம்," என்றார் பாய். "ஆமா. கம்ப்யூட்டர்தானாம். நான் இல்லியாம். செவ்வாக்கிழம போகத் தேவயில்ல." அந்தப் பக்கத்தில் அந்த அம்மா அழுவது, இரண்டடி தள்ளி நின்ற ஜெபராஜுக்குக் கேட்டது. பிறகு அந்த அம்மா ஏதோ கேட்டார். பாய் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"எப்ப தெரிஞ்சுதுன்னு கேக்குறா. எப்ப பாத்தே?"

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

"மதியம் பாய். ஒண்ணே முக்கா இருக்கும்."

சமத் பாய் அவர் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த ராஜினாமாக் கடிதத்தைப் பார்த்தார். அதை இரண்டு மணிக்கு எழுதினார், பத்தடி தூரத்தில் ஜெபராஜ் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால் ஜெபராஜ் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டுப் போனில் சொன்னார்:

"இப்பதானாம். இப்பதான், அஞ்சு நிமிஷம் முன்னாடி கண்டுபிடிச்சான். கண்டுபிடிச்ச உடனே ஓடி வந்து சொன்னான்."